நாலே கால் மைல்

முல்லைத்தீவு
22 ஜூன் 1936

அன்புள்ள ராத்தாவுக்கு, தம்பி அசனார் ஸலாம் சொல்லி எழுதுவது.

தந்தி கிடைத்திருக்கும். மச்சான் மௌத்தாகிவிட்டார், அடக்கமும் முடிந்தது என்பதற்கு மேல் அதில் எழுத முடியவில்லை. தபால் கந்தோர்க்காரர் அதை இங்கிலீசில் ஆக்கி, மேசையில் இருந்த கருவியில் விரலால் தட்டி அனுப்பினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்க, நானும் மச்சானும் மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறைக்கென்று புறப்பட்டோம். ஏறாவூர், வந்தாறுமூலை தாண்டி ஓட்டமாவடிப் பாலம் வரை இருபத்திரண்டு மைல், ரோட்டு ரோட்டாகவே இருந்தது. பிறகு மணலும் காடும்தான். பனிச்சங்கேணியிலும் வெருகலிலும் இரண்டு தோணியைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்ட பாதையில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கடந்தோம். வண்டி தண்ணீரில் சரிந்துவிடும் என்று மச்சான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நின்றார். அன்று ஓடியது அறுபத்தொரு மைல். அடுத்த நாள் திருகோணமலை. ஒரு நாள் அங்கே தங்கிவிட்டுப் புதன்கிழமை வடக்கே வெளிக்கிட்டோம்.

அன்றுதான் மச்சானுக்குக் காய்ச்சல் கண்டது. முல்லைத்தீவுக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மூன்று நாள் கிடந்தார். சனிக்கிழமை போய்விட்டார். வேதனைப்படவில்லை.

நான் உடனே வர முடியாது. வண்டியில் கிளச்சு பழுது, சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். மச்சானுடைய உடுப்பு மூட்டையை நம் ஊர் அப்துல் மஜீத் காக்காவிடம் கொடுத்திருக்கிறேன். கருவாடு ஏற்ற வந்தவர், யாழ்ப்பாணம் போய்த்தான் ஊருக்குத் திரும்புவார். கையில் சேர நாளாகும். றமீஸாவுக்கு என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு
அசனார்


காத்தான்குடி
5 ஜூலை 1936

தம்பி அசனாருக்கு, ராத்தா சித்தி நபீஸா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தை ஆசியா உம்மா திரைக்குள்ளே நீட்டினார். அடுத்த வீட்டுக்காரி என்றாலும் இப்போது எனக்குக் கையும் காலும் அவர்தான். நான் இத்தா இருக்கிறேன். வெள்ளைச் சீலை, ஓர் அறை, ஒரு திரை. நாலு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டக் கூடாது, பிற ஆண் முகம் பார்க்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகளைக்கூட ஊர்ப் பெண்டுகள் உள்ளே விடுகிறார்கள் இல்லை. வயிற்றில் இருப்பது ஆம்பிளைப் பிள்ளையாக இருந்துவிட்டால் என்னாகும் என்று கேட்கிறார்கள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அழுகையும் வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துத் தாங்களே அழுதுவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்றுகூட ஆசியா உம்மா சொல்லித்தான் தெரிகிறது.

உம்மா நம் இருவருக்கும் படிப்பித்த அறபுத் தமிழிலேயே, அந்த அறபு எழுத்திலேயே எழுதுகிறேன். நீயும் இனி அப்படி எழுது. வழியில் பிரித்துப் பார்ப்பவனுக்கு ஒன்றும் விளங்காது, நாம் மனம்விட்டு எழுதலாம்.

றமீஸாவிடம் வாப்பா இனி வரமாட்டார் என்று சொல்லியாகிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு விளங்குமோ அவ்வளவு விளங்கியிருக்கிறது. உரலைச் சாய்த்துப் போட்டு ஆசியா உம்மாவை முன்னுக்கு இருத்தித் தான் பின்னுக்கு இருந்து சவாரி போகிறாள். நீங்கள் இரண்டு பேரும் நம் வளவில் பேசிவைத்தீர்களே, ஒரு தட்டு மெதுவாக, இரண்டு தட்டு நிறுத்து என்று, அதே கணக்கில் அந்த மனுசியின் முதுகில் தட்டுகிறாள். நிறுத்தாவிட்டால் பெரிய சண்டை.

சரி, உன்னிடம் கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, நீ ஏன் வரவில்லை? கிளச்சுப் பழுதென்றால் வண்டியை அங்கே போட்டுவிட்டு லொறியில் ஏறி வா. உம்மாவும் வாப்பாவும் போன பிறகு இந்த வீட்டில்தான் இருந்தாய். இனி இந்த வீட்டு ஆம்பிளை நீ ஒருவன்தான். மையத்து முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்த ஒருவன் என் முன்னால் வந்து இருந்து, இப்படித்தான் ஆனது என்று வாயால் சொன்னால் எனக்கு ஏதாவது உறைக்குமோ என்னவோ.

இரண்டாவது, மௌத்தான நாள். இத்தாவை மௌத்தான நாளிலிருந்து எண்ண வேண்டும், தந்தி வந்த நாளிலிருந்து அல்ல. நீ சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். வெள்ளி அந்தி மஃரிபுக்குப் பிறகா முன்னமா, பிறை எத்தனை என்று சரியாகச் சொல். இது மார்க்க விஷயம், குத்துமதிப்பில் விட முடியாது.

ராத்தா


முல்லைத்தீவு
19 ஜூலை 1936

அன்புள்ள ராத்தாவுக்கு,

சனிக்கிழமை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கே நல்லரத்தினம் என்பவருடைய லொறிப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அதிகம் பேசாத மனுசன். அது எனக்கு வசதியாக இருக்கிறது. காலையில் எழும்புகிறேன், சில்லுக் கழற்றுகிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

போன வாரம் பருத்தித்துறைக்குப் போய்விட்டு வந்தேன். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் முப்பத்திரண்டு மைல், பாதி ரோட்டில் கல்லும் இல்லை மண்ணும் இல்லை, பள்ளம்தான். ஒரு கொம்பன் யானை ரோட்டுக்கு நடுவில் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முன்னென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியிருப்பேன், அன்று அப்படித் தோன்றவில்லை. அது போன பிறகு நான் போனேன். ஆனையிறவு தாண்டி வெயிலில் உப்பு மின்னியது. பருத்தித்துறையில் இறங்கிக் கடலில் கால் நனைத்தேன். அங்கே போய்க் கால் நனைக்கத்தானே நாங்கள் வெளிக்கிட்டது. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். போக வர நூற்றுப் பன்னிரண்டு மைல்.

பின்னால் கரியரில் மச்சானுக்காக நீங்கள் தைத்துத் தந்த பஞ்சு மெத்தையைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒருவரையும் ஏற்றுவதில்லை.

அசனார்


காத்தான்குடி
2 ஆகஸ்ட் 1936

தம்பி,

கிளச்சுப் பழுது என்றாய், பருத்தித்துறை வரை போய்வந்தாய். பொய் சொல்லத் தெரியாதவன் சொல்லக் கூடாது.

நான் நாலு சுவருக்குள் இருக்கிறேன். நீ யானை பார்த்துக்கொண்டும் கடலில் கால் நனைத்துக்கொண்டும் திரிகிறாய். உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஐம்பது நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்றாவது வந்ததே என்று இருந்தது. அரை மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது.

அப்துல் மஜீத் காக்கா மூட்டையைக் கொண்டுவந்து தந்தார். அதை நீ ஒருநாளும் அவிழ்க்கவில்லை. முடிச்சைப் பார்த்தே தெரிந்தது, அது உன் முடிச்சு இல்லை, வேறு யாரோ அக்கறையாகக் கட்டியது. அவிழ்த்தேன். மேலே மாற்றுச் சாரன் இரண்டும் மடிப்புக் குலையாமல் இருந்தன. அடியில் அவர் உடுத்திருந்த சட்டை. யாரோ அலசி மடித்திருக்கிறார்கள். அலசியும் போகவில்லை. இடது தோளில் கிழிசல், இடது முழங்கையில் கிழிசல், கழுத்துப்பட்டியில் கறை. இடுப்புவாரின் பையைக் கவிழ்த்தேன், ஒரு பிடி மணல் கொட்டியது. வெள்ளை மணல்.

காய்ச்சல் சட்டையைக் கிழிக்குமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மணல் எங்கிருந்து வந்தது?

ஆசியா உம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தார். "அல்லாட நாட்டம் மகளே, கிண்டிக் கிளறாதே. மையத்து திரும்பியா வரப்போவுது?" என்றார். திரும்பி வராது என்று எனக்கும் தெரியும். அவருடைய கடைசி நேரம் எனக்குத் தெரிய வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. ஒன்பது வருஷம் ஒரு பாயில் இருந்தவள், அவர் எப்படிப் போனார் என்று தெரியாமல் இத்தாவைக் கழித்து வெளியே வந்து யார் முகத்தைப் பார்ப்பேன்? நீ உண்மையை எழுதாவிட்டால் எனக்கு உன் கடிதமே வேண்டாம்.

சித்தி நபீஸா


முல்லைத்தீவு
16 ஆகஸ்ட் 1936

ராத்தா,

புதன்கிழமை. சனிக்கிழமை அல்ல. ஜூன் பத்தாம் தேதி, றபீஉல் அவ்வல் பிறை பத்தொன்பது, மத்தியான ளுஹருக்குக் கொஞ்சம் முன்னால். இதை வைத்து எண்ணுங்கள். மார்க்க விஷயத்தில் பொய் சொன்னதற்கு எனக்கு மன்னிப்பு உண்டோ தெரியாது.

காய்ச்சல் என்றதும் பொய், ஆஸ்பத்திரி என்றதும் பொய். குச்சவெளியிலிருந்து புல்மோட்டைக்குப் போகிற காட்டுப் பாதையில் இரண்டு பாலை மரம் நெருங்கி நிற்கிறது. அதில் ஒன்றின் வேர் பாதைக்குக் குறுக்கே ஓடுகிறது. வண்டி அந்த வேரில் ஏறி இறங்கும்போது மச்சான் பின்னாலிருந்து விழுந்துவிட்டார். தலை அடிபட்டது. உடனே நிறுத்தி ஓடிவந்தேன். உயிர் இல்லை.

புல்மோட்டை ஆட்கள் மாட்டு வண்டி கொண்டுவந்தார்கள். ஊர் விதானையார் வந்து பார்த்து எழுதினார். பள்ளிவாசலில் வைத்துக் குளிப்பாட்டினார்கள், மஃரிபுக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். கபுறு புல்மோட்டையில் இருக்கிறது, முல்லைத்தீவில் இல்லை. உடுப்பை மடித்துக் கட்டித் தந்தவரும் அந்தப் பள்ளிக்காரர்தான். மூன்று நாள் அந்தப் பள்ளியிலேயே கிடந்தேன். சோறு தந்தார்கள், சாப்பிட்டேன் போல. சனிக்கிழமை முல்லைத்தீவுக்கு வந்து தந்தி அடித்தேன், அடித்த நாளையே மௌத்தான நாளாகவும் எழுதிவிட்டேன்.

விழுந்தார் என்று எழுதினால் ஓட்டியவன் யார் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துதான் காய்ச்சல் என்றேன்.

அசனார்


காத்தான்குடி
30 ஆகஸ்ட் 1936

தம்பி,

நாளைத் திருத்தி எண்ணிவிட்டேன். றஜப் பிறை இருபத்தொன்பதோடு இத்தா முடிகிறது. மூன்று நாள் கூட இருந்திருந்தால் நான் ஒன்றும் தேய்ந்துவிட மாட்டேன். ஆனாலும் என் புருஷன் மண்ணுக்குள் போய் மூன்று நாள், அவருக்குப் பிடித்த கணவாய் ஆணம் காய்ச்சி வைத்துக்கொண்டு, வந்தால் சூடு காட்டலாம் என்று நான் இருந்திருக்கிறேன். அது உன்னால் வந்தது.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். உன்னை எனக்குத் தெரியும். எங்கே போனாலும் இத்தனை மைல், இத்தனை கட்டை என்று கணக்கோடு எழுதுகிறவன் நீ. ஓட்டமாவடி இருபத்திரண்டு, பரந்தன் முப்பத்திரண்டு. அவர் விழுந்த இடத்தை மட்டும் கணக்கில்லாமல் எழுதியிருக்கிறாய். "உடனே நிறுத்தி ஓடிவந்தேன்." எத்தனை அடி தள்ளி நிறுத்தினாய்?

அவர் தட்டவில்லையா? பழகிப் பார்க்கக் கல்லடிப் பாலம் வரை போய் வந்த அன்று எட்டுத் தரம் தட்டினார் என்று நீதான் வாசலில் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். ஆடு குறுக்கே வந்தால் தட்டுவார், காற்றடித்தால் தட்டுவார். அந்த மனுசன் தட்டாமல் விழுந்தார் என்று நீ சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

றமீஸா இன்றைக்கும் உரலில் சவாரி போகிறாள். இரண்டு தட்டு என்றால் என்னவென்று அவளுக்கே தெரியும்.

ராத்தா


முல்லைத்தீவு
20 செப்டம்பர் 1936

ராத்தா,

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இதை வாசித்துப் பார்க்காமல் தபாலில் போடப் போகிறேன்.

நாலே கால் மைல்.

மீற்றரில் பார்த்துச் சொல்கிறேன். போகும்போது பார்க்கவில்லை, திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்.

அன்று காலை திருகோணமலையிலிருந்து குச்சவெளி வருவதற்குள் மச்சான் இருபது தரமாவது தட்டியிருப்பார். மணல் என்றால் ஒரு தட்டு, மாடு என்றால் இரண்டு தட்டு, தொப்பியைச் சரிசெய்ய இரண்டு தட்டு. ஒவ்வொரு தரமும் நிறுத்திவிட்டு வண்டியைத் திரும்பக் கிளப்ப, அந்த மணலில் உயிர் போய் உயிர் வரும். குச்சவெளியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இறங்கினோம். நாலைந்து பேர் வண்டியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் கேட்க நான் சொன்னேன்: "மச்சான், இனிக் கண்டதுக்கெல்லாம் தட்டாதீங்க. விழுந்தா மட்டும் தட்டுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். "சரிடா தம்பி, விழுந்தாத் தட்டுறன்" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் ஒரு தட்டும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. காடு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வந்தது, எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காது. அந்தப் பாலை மரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு தரம் தட்டினார்.

எனக்குத் தெரிந்தது ராத்தா. தெரியாமல் போகவில்லை. முதுகில் நன்றாகப் பட்டது. ஒன்று, இரண்டு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு சொல்லியும் கேட்கிறார் இல்லையே என்று பெற்றோலைக் கூட்டினேன். வேரில் வண்டி எகிறியது. எகிறி விழுந்த பிறகு லேசாக ஓடியது. மணல் இறுகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

பாதையில் யானை லத்தி கிடந்தது. "ஆவி பறக்குது பாருங்க மச்சான், இப்பதான் போயிரிக்கி" என்று சொன்னேன். பதில் இல்லை. கடையில் சொன்னதற்குக் கோபம் போல என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போய், "சரி மச்சான், தட்டுங்க, நான் ஒண்டும் சொல்லல்ல" என்றேன். அதற்கும் பதில் இல்லை. பிறகுதான் கையைப் பின்னுக்கு நீட்டினேன். மெத்தை மட்டும் இருந்தது.

வண்டியைத் திருப்பினேன். நடந்து வந்துகொண்டிருப்பார், ஏசுவார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஏச்சுக்கு என்ன பதில் சொல்வது என்றும் யோசித்தேன். ஒரு மைல், இரண்டு மைல், மூன்று மைல். மரத்தடியில் குப்புறக் கிடந்தார். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை. விழுந்த உடனே போனாரா, கொஞ்ச நேரம் கிடந்து வண்டிச் சத்தம் தூரப் போவதைக் கேட்டாரா, எனக்குத் தெரியாது. ஏன் தட்டினார் என்றும் தெரியாது. தலை சுற்றியதோ, தொப்பி பறந்ததோ. தொப்பியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

இதுதான் நடந்தது. இனி மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வர எனக்கு முகம் இல்லை. நீங்கள் வராதே என்று எழுதினால் வரமாட்டேன், இங்கேயே இருந்துவிடுவேன். வா என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

அசனார்


காத்தான்குடி
1 அக்டோபர் 1936

தம்பி அசனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஆசியா உம்மா என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். சுகமாக இருக்கிறானாம் என்று சொன்னேன்.

நீ செய்தது சின்னக் காரியம் இல்லை. அதைச் சின்னதாக்கி உன்னைத் தேற்ற எனக்கு வராது. இரண்டு தட்டுக்கு நீ நிறுத்தியிருந்தால் அவர் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறியிருப்பார். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ பருத்தித்துறை என்ன, அதற்கு அப்பால் கடலுக்குள்ளேயே வண்டியை விட்டாலும் இது உன்னை விட்டுப் போகாது.

நீ எழுதிவிட்டாய். இனி என்னுடையதைக் கேள்.

புறப்படுவதற்கு முதல் நாள் பகல் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சோற்றில் கை வைக்காமல் இருந்தார். "எனக்கு அந்த வண்டியில பயமா இரிக்கி புள்ளே. ஒண்டு செய்வம், கடையில சரக்கு வருது எண்டு சொல்லிப்போட்டு நான் நிண்டுக்கிறன்" என்றார். உன்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம். எனக்கு அவரைவிட உன்னைப் பற்றித்தான் கவலை. தம்பி தனியே காட்டுக்குள் போகிறான், வண்டி புரண்டால் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டாமா என்று. அதனால் சொன்னேன்: "பயமெண்டா என்ட சீலை ஒண்டக் கட்டிக்கிட்டு அடுப்படியில இரிங்க. நான் போறன் தம்பியோட."

அவர் சிரித்தார். குச்சவெளிக் கடையில் சிரித்தாரே, அதே சிரிப்பாகத்தான் இருக்கும். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அடுத்த நாள் காலை உன் பின்னால் ஏறி இருந்தார்.

நீ ஒரு பகிடி விட்டாய். நான் ஒரு பகிடி விட்டேன். இரண்டுக்கும் அந்த மனுசன் சிரித்தார். நூற்றுப் பத்து நாளாக எனக்கு ஏன் அழுகை வரவில்லை என்று இப்போது விளங்குகிறது. அழுதால் இதைச் சொல்லித்தான் அழ வேண்டியிருந்திருக்கும்.

உன்னை வராதே என்று எழுத நினைத்து எழுதுகோலை எடுத்தேன். பிறகு யோசித்தேன். உன்னை வராதே என்று சொன்னால், என்னை எந்த வாசலால் வெளியே அனுப்புவது?

அதனால் வா. வண்டியோடு வா. இத்தா கழிகிற அன்று பெண்டுகள் கூடி என்னை முழுக வார்த்து வெளியே கொண்டுவருவார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் நீ வாசலில் நிற்க வேண்டும். மெத்தையைத் திரும்பக் கட்டு. றமீஸா ஆசியா உம்மாவோடு இருப்பாள், பேசிவிட்டேன். கூடப் பிறந்தவனோடு பயணம் போவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஊர்தான் தடுக்கும். நேற்று இத்தா முடித்தவள் இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் குந்திக்கொண்டு போகிறாள் என்று பேசும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பேசிக்கொள்ளட்டும்.

புல்மோட்டைக்குப் போக வேண்டும். கபுறுக்குப் பெண் போகலாமா என்று பள்ளி லெப்பையிடம் கேட்கப் போவதில்லை. மையவாடி வேலிக்கு வெளியே நின்று ஸலாம் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பாலை மரம், குறுக்கே வேர். நீ எனக்குக் காட்டித் தர வேண்டாம். கண்டதும் நானே உன் முதுகில் இரண்டு தரம் தட்டுவேன்.

நீ நிறுத்த வேண்டும். அதற்கு மேல் நான் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

சித்தி நபீஸா


முல்லைத்தீவு
8 அக்டோபர் 1936

அன்புள்ள ராத்தாவுக்கு, தம்பி அசனார் ஸலாம் சொல்லி எழுதுவது.

நல்லரத்தினத்திடம் கணக்குத் தீர்த்து வேலையை விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை இங்கிருந்து புறப்படுகிறேன். ஒரு தகரம் பெற்றோல் கட்டியிருக்கிறேன். மழை இறங்கிவிட்டால் வெருகலில் தோணிப் பாதை ஓடாது என்கிறார்கள், அதனால் ஒரு நாள் முந்தியே வந்து ஏறாவூரில் தங்கிக்கொள்வேன். நீங்கள் சொன்ன நாள் காலையில் வாசலில் நிற்பேன்.

வீட்டிலிருந்து அந்த மரத்தடிக்கு நூற்றுப் பதினேழு மைல். மணலில் மெதுவாகத்தான் போவேன். பயப்படாதீர்கள் என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. பயம் வந்தால் தட்டுங்கள், ஆட்டைக் கண்டாலும் தட்டுங்கள், காற்றடித்தாலும் தட்டுங்கள்.

மெத்தையை எடுத்து வெயிலில் போட்டுத் தட்டினேன், மணல் கொட்டியது. கட்டிவிட்டேன்.

அந்த இடத்தில் நீங்கள் இரண்டு தரம் தட்ட வேண்டியதில்லை ராத்தா. ஒன்று போதும்.

அசனார்